கேட்டீர்கள், சொல்கிறேன்: பேரி பாண்ட்ஸுக்குக் கை தட்டலாமா?

பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேமுக்கு (பெரிய ஆட்டக்காரர்களுக்குப் பலகை வைத்துக் கௌரவிக்கிற இடம்) ஜெஃப் கென்ட் தேர்வான செய்தியைப் பற்றிச் சென்ற இதழில் எழுதும்போது, போகிற போக்கில் ஒரு வரி போட்டிருந்தேன். சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணியில் இருவரும் சேர்ந்து ஆடியவர்கள்; பேரி பாண்ட்ஸ் வெளியே நிற்க கென்ட் உள்ளே போவது, மாப்பிள்ளையை வாசலில் நிறுத்திவிட்டு மாப்பிள்ளைத் தோழனுக்குப் பந்தி போடுவது மாதிரி இருக்கிறது என்று. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி அந்த ஒரு வரிக்குத்தான். பெரும்பாலும் திட்டு.

ஊக்கமருந்து போட்டு ஆடியவருக்கு இப்படி வக்காலத்து வாங்குகிறீர்களே, வெட்கமாக இல்லையா? (ஃப்ரீமான்ட் வாசகர்)

வக்காலத்து வாங்கவில்லை ஐயா. அவர் போட்டுக்கொண்டார் என்றுதான் நானும் நம்புகிறேன். 2003 செப்டம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே பர்லிங்கேமில், விக்டர் கான்ட்டி என்பவர் நடத்திய பால்கோ நிறுவனத்தில் மத்திய அரசு அதிகாரிகள் ரெய்டு போனார்கள். வெளியே சத்து மாத்திரைக் கம்பெனி. உள்ளே 'க்ரீம்', 'க்ளியர்' என்று செல்லப்பெயர் வைத்து இரண்டு சரக்கு. க்ரீம் என்பது டெஸ்டோஸ்டிரோன் கலந்த பூச்சு. க்ளியர் என்பது டி.எச்.ஜி. என்ற ஸ்டீராய்டு, நாக்குக்கு அடியில் சில சொட்டு விட்டுக்கொள்வது, அப்போதிருந்த எந்தப் பரிசோதனையிலும் சிக்காது, சிக்கக் கூடாது என்பதற்காகவே அதை உருவாக்கியிருந்தார்கள். ஓட்டப்பந்தய பயிற்சியாளர் ஒருவர் ஒரு ஊசிக்குழலை ஊக்கமருந்து தடுப்பு அமைப்புக்கு அனுப்பிக் காட்டிக்கொடுத்ததால்தான் அது என்னவென்றே வெளியே தெரிந்தது.

இந்தச் சரக்குக்கும் பாண்ட்ஸுக்கும் நடுவில் இருந்தவர் அவருடைய பால்ய நண்பரும் பயிற்சியாளருமான கிரெக் ஆண்டர்சன். அந்த டிசம்பரில் கிராண்ட் ஜூரி (வழக்குத் தொடரலாமா என்று முடிவு செய்கிற குழு) முன்னால் பாண்ட்ஸ் என்ன சொன்னார் தெரியுமா? ஒன்றை ஆளிவிதை எண்ணெய் என்று நினைத்தாராம், இன்னொன்றை மூட்டுவலித் தைலம் என்று நினைத்தாராம். உடம்பையே மூலதனமாக வைத்துப் பிழைக்கிறவர், வாயில் விடுகிற சொட்டு என்ன என்று கேட்டுக்கொள்ளவே இல்லை! மூட்டுவலித் தைலம் தேய்த்துக்கொண்ட எங்கள் வீட்டுப் பாட்டி யாரும் பந்தை 400 அடி தாண்டி அடித்ததாக எனக்கு நினைவில்லை.

அதனால், போட்டாரா இல்லையா என்பதில் உங்களுக்கும் எனக்கும் சண்டையே இல்லை. அப்புறம் என்ன செய்வது என்பதில்தான்.

எனக்கு கிரிக்கெட் மட்டும்தான் தெரியும். அப்படி என்ன பெரிய ஆள் இவர்? (டாலஸ் வாசகி)

பந்தை மைதானத்துக்கு வெளியே அடிப்பது ஹோம் ரன், நம் சிக்ஸருக்குப் பங்காளி. ஆனால் சிக்ஸரைவிட அரிது. ஒரு சீசனில் 40 அடித்தால் நட்சத்திரம். பாண்ட்ஸ் 2001-இல் 73 அடித்தார், 37 வயதில். வாழ்நாளில் 762. இரண்டும் இன்றுவரை முறியடிக்கப்படாத சாதனைகள்.

ஆனால் என்னைக் கேட்டால் ஹோம் ரன்களைவிட வாக் கணக்குதான் விசேஷம். நான்கு பந்துகளை வேண்டுமென்றே எட்டாத இடத்தில் போட்டு, "நீ அடிக்கவே வேண்டாம் சாமி, சும்மா முதல் பேஸுக்குப் போய்விடு" என்று அனுப்பிவிடுவதற்கு இன்டென்ஷனல் வாக் என்று பெயர் (2017 முதல் அந்த நான்கு பந்தையும் போட வேண்டியதில்லை). 2004-இல் மட்டும் அவரை அப்படி 120 முறை அனுப்பினார்கள். ஒரே சீசனில்! அதைவிடப் பெரிய கூத்து 1998 மே மாதம் நடந்தது. மூன்று பேஸிலும் ஆள் நிற்கிறது, கடைசி இன்னிங்ஸ், அரிசோனா 2 ரன் முன்னிலை. அந்த அணியின் மேனேஜர் பக் ஷோவால்ட்டர், பாண்ட்ஸுக்குப் பந்து போடுவதைவிட எதிரணிக்கு ஒரு ரன் தானமாகக் கொடுப்பது மேல் என்று கணக்குப் போட்டு அவரை நடக்க விட்டார் (எல்லோரும் ஒரு பேஸ் நகர, மூன்றாவது பேஸில் நின்றவருக்கு ரன்). அடுத்தவர் அவுட், அரிசோனா 8-7 என்று ஜெயித்தது.

வருடத்தைக் கவனியுங்கள், 1998. புதிதாக உடம்பு பெருத்த பாண்ட்ஸ் அப்போது இன்னும் வரவில்லை என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். அதற்குள்ளேயே அவருக்கு மூன்று எம்.வி.பி. விருது, அதாவது சீசனின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது. அந்த ஆகஸ்டில் 400 ஹோம் ரன்னும் 400 ஸ்டீலும் (எதிரணி அசந்த நேரத்தில் அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது) சேர்த்து எடுத்த முதல் ஆள் ஆனார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நாடே மார்க் மெக்வையரும் சாமி சோசாவும் போட்டி போட்டு ஹோம் ரன் அடிப்பதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தது. மெக்வையர் 70, சோசா 66. தன்னில் பாதித் திறமைகூட இல்லாதவர்களுக்குத் தேர்த்திருவிழா நடப்பதைப் பார்த்து வயிறெரிந்துதான் பாண்ட்ஸ் மருந்துப் பக்கம் போனார் என்று ஒரு பேச்சு உண்டு. அவர் மனதுக்குள் நான் புகுந்து பார்க்கவில்லை, ஆனால் நம்பக்கூடிய கதைதான்.

கோர்ட்டே விடுதலை செய்துவிட்டது. பிறகும் ஏன் குற்றவாளி மாதிரி பேசுகிறீர்கள்? (சான் ஹோசே வாசகர்)

கோர்ட் விசாரித்தது வேறு கேள்வி. மருந்து போட்டாரா என்பதல்ல வழக்கு, கிராண்ட் ஜூரியிடம் பொய் சொன்னாரா என்பதுதான். 2011-இல் விசாரணை நடந்தபோது மூன்று பொய்சாட்சிக் குற்றச்சாட்டுகளில் ஜூரி ஒத்துப்போகவில்லை, நீதியைத் தடுத்தார் என்ற ஒன்றில் மட்டும் குற்றவாளி என்றார்கள். ஆண்டர்சன் எப்போதாவது ஊசி போட்டுக்கொள்ள ஏதும் கொடுத்தாரா என்று கேட்டதற்கு, தான் பிரபலத்தின் பிள்ளையாக வளர்ந்தவன் என்று சம்பந்தமில்லாமல் எங்கேயோ போய்விட்டாராம் (அப்பா பாபி பாண்ட்ஸும் பெரிய ஆட்டக்காரர்). அதற்கு 30 நாள் வீட்டுக்காவல். 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதையும் ரத்து செய்தது. வளவளவென்று பேசுவது குற்றமில்லை என்று ஆனதில் எனக்கும் மகிழ்ச்சி, இந்தப் பகுதியை நடத்துகிறவன் என்ற முறையில்.

ஆனால் அதே விசாரணையில் அவருடைய வக்கீல்களே, அவர் அவற்றைப் பயன்படுத்தினார், ஸ்டீராய்டு என்று தெரியாமல் பயன்படுத்தினார் என்றுதான் வாதாடினார்கள். ஆண்டர்சனோ நண்பருக்கு எதிராக ஒரு வார்த்தை சொல்ல மறுத்து ஒரு வருடத்துக்கு மேல் ஜெயிலில் இருந்தார். நட்புக்கு இலக்கணமா, வேறு எதற்காவதா, நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

சரி, ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கலாமா, கூடாதா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள். (நியூ ஜெர்சி வாசகர்)

சேர்க்கலாம். ஒரு வார்த்தை ஆயிற்று, இனி என் இஷ்டம்.

பத்திரிகையாளர்கள் ஓட்டில் 75 சதவீதம் வேண்டும், பத்து முறை வாய்ப்பு. 2013-இல் பாண்ட்ஸுக்கு 36.2 கிடைத்தது, கடைசி வாய்ப்பான 2022-இல் 66. அதே 2022-இல் டேவிட் ஒர்டீஸ் முதல் முறையிலேயே உள்ளே போனார். 2003-இல் பெயர் வெளியிடமாட்டோம் என்று சொல்லி எடுத்த பரிசோதனையில் சிக்கியவர்களில் அவரும் ஒருவர் என்று 2009-இல் செய்தி வந்தது, அவர் மறுத்தார், பின்னால் வந்த கமிஷனரும் (லீக்கின் தலைமை நிர்வாகி) அந்தப் பட்டியலை நம்ப முடியாது என்று சொன்னார். இருக்கட்டும், ஒர்டீஸ் மேல் எனக்குக் கோபமில்லை. ஒர்டீஸ் சிரித்த முகம், பாண்ட்ஸ் நிருபர்களைக் கண்டால் எரிந்து விழுகிற முகம். ஓட்டுப் போட்டது நிருபர்கள்.

எனக்குக் கோபம் பட் சீலிக் மேல்தான். இந்தக் கூத்து நடந்த காலம் முழுக்க கமிஷனர் அவர். 1994-இல் ஆட்டக்காரர்கள் ஸ்டிரைக், சீசனின் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸே ரத்து, ரசிகர்கள் வெறுத்துப் போனார்கள். 1998-இல் மெக்வையரும் சோசாவும் கூட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். மெக்வையர் லாக்கரில் ஆண்ட்ரோ என்ற ஹார்மோன் மாத்திரை பாட்டில் இருந்ததை ஒரு நிருபர் பார்த்து எழுதினார், திட்டு வாங்கியது அந்த நிருபர்தான். பரிசோதனை என்ற ஒன்று 2003 வரை வரவில்லை. யூனியன் ஒத்துக்கொள்ளவில்லை என்பது உண்மை, முதலாளிகள் அதற்காகத் தூக்கம் கெடவில்லை என்பதும் உண்மை. அந்த சீலிக்குக்கு 2017-இல் ஹால் ஆஃப் ஃபேமில் வெண்கலப் பலகை வைத்துவிட்டார்கள்! கல்லாப்பெட்டியில் உட்கார்ந்திருந்தவருக்கு மாலை, சமையல்காரனுக்கு மட்டும் ஜெயில் என்றால் எப்படி?

என் யோசனை இதுதான். பலகை வையுங்கள், 762 என்று போடுங்கள், அதற்குக் கீழேயே பால்கோவையும் போடுங்கள். அதே அளவு எழுத்தில்.

ஆனால் ஒரு கடிதத்துக்கு என்னிடம் பதில் இல்லை. மருந்து வேண்டாம் என்று மறுத்துவிட்டு, அதனாலேயே மேலே வர முடியாமல் மைனர் லீக் (கீழ்நிலை அணிகளின் லீக்) பஸ்ஸிலேயே இளமையைத் தொலைத்தவர்களுக்கு எந்தப் பலகை வைப்பீர்கள் என்று கேட்டிருக்கிறார் ஒருவர். இரண்டு நாள் மேஜையிலேயே கிடந்தது அந்தக் கடிதம்.

நேரில் பார்த்திருக்கிறீர்களா? (சன்னிவேல் வாசகி)

2001 அக்டோபர் 5, வெள்ளிக்கிழமை ராத்திரி. நண்பன் வரவில்லை, டிக்கெட் வீணாகப் போகக்கூடாதே என்று அறைத்தோழன் என்னை ஜயன்ட்ஸ் மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். எனக்கு அப்போது விதிமுறையே பாதிதான் தெரியும். டாட்ஜர்ஸ் அணியின் சான் ஹோ பார்க் போட்ட பந்தில் முதல் இன்னிங்ஸிலேயே அந்த சீசனின் 71-ஆவது ஹோம் ரன், மெக்வையரின் சாதனை காலி. மூன்றாவது இன்னிங்ஸில் 72. பக்கத்து சீட் பெரியவர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார், யாரென்றே தெரியாது. நாலரை மணி நேரம் இழுத்த ஆட்டத்தில் ஜயன்ட்ஸ் 11-10 என்று தோற்று, பிளேஆஃப் வாய்ப்பும் போனது. விழா எடுத்தபோது நடுராத்திரி தாண்டிவிட்டது, கடைசி ரயிலும் போய்விட்டது. அந்த டிக்கெட்டை இன்னும் வைத்திருக்கிறேன். 2003-க்குப் பிறகு ஒரு தடவை கிழித்துப் போடலாம் என்று எடுத்தேன், கிழிக்கவில்லை. ஃப்ரேமும் போடவில்லை. பாஸ்போர்ட் வைக்கிற உறையில் கிடக்கிறது.

உண்மையான சாதனை ஹாங்க் ஆரனின் 755தானே? (அட்லாண்டா வாசகர்)

ஆரன் ஆடிய அட்லாண்டாவிலிருந்து வேறு எப்படிக் கேட்பீர்கள்! ஒரு கறுப்பர் பேப் ரூத்தின் 714 ஹோம் ரன் சாதனையைத் தாண்டுவதா என்று 1973-இல் ஆரனுக்குக் கொலைமிரட்டல் கடிதங்கள் குவிந்தன, அதையெல்லாம் தாங்கிக்கொண்டு அடித்தவர் அவர். மரியாதை என்றால் என் மரியாதை அவருக்குத்தான். 2007 ஆகஸ்ட் 7 அன்று பாண்ட்ஸ் 756-ஐ அடித்தபோது ஆரன் மைதானத்துக்கு வரவில்லை. வாழ்த்தைப் பதிவு செய்து அனுப்பியிருந்தார், பெரிய திரையில் ஓடியது. கணக்குப் புத்தகத்தில் 762, என் வீட்டில் 755. இரண்டும் இருந்துவிட்டுப் போகட்டும்.

பாண்ட்ஸுக்கும் கென்ட்டுக்கும் ஆகாதாமே? (பெயர் வேண்டாம் என்றவர்)

ஆகவே ஆகாது. 2002-இல் டக்அவுட்டிலேயே (ஆட்டக்காரர்கள் உட்காருகிற இடம்) கேமரா முன்னால் தள்ளுமுள்ளு. 2000-இல் எம்.வி.பி. கென்ட்டுக்கு, இரண்டாம் இடம் பாண்ட்ஸுக்கு.

இனி அவருக்கு வாய்ப்பே இல்லையா? (மறுபடியும் ஃப்ரீமான்ட் வாசகர்)

பத்திரிகையாளர்கள் ஓட்டில் தேறாதவர்களைப் பார்க்க ஒரு கமிட்டி உண்டு, கென்ட் தேர்வானதும் அதில்தான். 2025 டிசம்பரில் அந்த 16 பேர் கமிட்டியில் 12 ஓட்டு தேவைப்பட்டது, பாண்ட்ஸுக்கு ஐந்துகூட வரவில்லை. ஐந்துக்குக் கீழே போனவர்களுக்கு அடுத்த சுற்றில் இடமில்லை என்று விதி, ஆக 2028-இல் பேர் வராது. 2031-இல் வரலாம், அப்போது அவருக்கு 67 வயது. அதிலும் ஐந்து ஓட்டு தேறாவிட்டால் அத்தோடு சரி.