ஏர் விங்கில் சேர்ந்தால் மகளுக்கு என்ன கிடைக்கும்?

கேள்வி: என் மகள் இந்த வருடம் கோவையில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் சேர்ந்திருக்கிறாள். எங்கள் ஊர் பல்லடம் பக்கம். சூலூர் விமானத்தளத்துச் சத்தத்தைக் கேட்டே வளர்ந்தவள். கல்லூரியில் என்சிசியின் விமானப் பிரிவான ஏர் விங் இருக்கிறது, சேரப் போகிறேன் என்கிறாள். அவள் அப்பா, "படிப்பு கெட்டுப்போகும், வெயிலில் நிற்கவைப்பார்கள், நாளைக்கு ராணுவத்துக்குப் போ என்பார்கள்" என்று தடுக்கிறார். சேர்ந்தால் விமானம் ஓட்டக் கற்றுத்தருவார்களா? வேலைக்கு உதவுமா? அனுப்பலாமா?

பதில்: தாராளமாக அனுப்புங்கள். ஆனால் மூன்று வருடமும் விடாமல் இருப்பேன் என்று அவள் ஒப்புக்கொண்டால் மட்டும். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் அவள் அப்பாவின் பயம். என்சிசி 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடக்கும் அமைப்பு. அதில் சேரும் மாணவர்களுக்குப் படையில் பணிபுரிய வேண்டும் என்ற கடமை எதுவும் கிடையாது. படிப்பு முடிந்ததும் ஆசிரியராகவோ வங்கி ஊழியராகவோ போனால் யாரும் கேட்கப்போவதில்லை. ஏர் விங்கில் இருந்து வெளியே வருபவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் போகிறார்கள். வெயில் விஷயத்தில் அவர் சொல்வது சரி, நிற்க வேண்டியிருக்கும். காலையில் சாப்பிடாமல் பரேடுக்குப் போகும் பிள்ளைகள்தான் மயங்கி விழுவார்கள். அந்த ஒன்றை நீங்கள் பார்த்துக்கொண்டால் போதும்.

விமானம் ஓட்டக் கற்றுத்தருவார்கள் என்று சீனியர் யாராவது அவளிடம் சொல்லியிருந்தால், அதில் பாதியை நம்பலாம். ஏர் விங்கில் இப்போது பயன்படுவது ஸ்லோவேனியா நாட்டு பிபிஸ்ட்ரெல் நிறுவனத்தின் வைரஸ் எஸ்டபிள்யூ 80 என்ற மைக்ரோலைட், அதாவது மிக இலகுவான சிறு விமானம். 80 குதிரைத்திறன் எஞ்சின், பக்கத்தில் பக்கத்தில் இரண்டே இருக்கை. ஒன்றில் கேடட் எனப்படும் என்சிசி மாணவர், இன்னொன்றில் விமானப்படை பைலட். ஒரு மாணவிக்கு இது எத்தனை முறை வாய்க்கும் என்பது விமானம், வானிலை, தளத்தின் அனுமதி, வரிசையில் காத்திருக்கும் மற்ற கேடட்டுகள் எல்லாவற்றையும் பொறுத்தது. நிறைய முறை என்று எண்ணிக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். இந்த நேரத்தைக் காட்டி லைசென்ஸும் வாங்க முடியாது. கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும், 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏவின் தேர்வுகளில் தேற வேண்டும், லட்சக்கணக்கில் பணமும் வேண்டும். அது வேறு பாதை.

அப்படியானால் எதற்குச் சேர வேண்டும்? கல்லூரியில் என்சிசி பொறுப்பில் இருந்து பிள்ளைகளைப் பார்த்தவன் என்ற முறையில் என் பதில் இது: அந்தக் கொஞ்ச நேரப் பறத்தலைச் சுற்றி இருக்கும் வேலை முறைக்காக.

இவ்வளவு இலகுவான விமானத்தைக் காற்று அடங்கியிருக்கும் நேரத்தில்தான் கிளப்புவார்கள், பெரும்பாலும் காலையில். அதற்கு முன் பிரீஃபிங். இன்று காற்று எந்தத் திசை, என்ன வேகம், எஞ்சின் நின்றுபோனால் என்ன செய்வது என்று பேசி முடித்த பிறகுதான் விமானத்தின் பக்கம் போவார்கள். அப்புறம் அதைச் சுற்றி நடந்து சக்கரம், புரொப்பெல்லர், எரிபொருள், இறக்கையின் அசையும் பாகங்கள் என்று பட்டியல்படி ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். நேற்றுதானே பார்த்தோம் என்று யாரும் விடமாட்டார்கள். பட்டியல் முழுக்க மனப்பாடமாக இருந்தாலும் தாளைப் பார்த்து வாசித்துத்தான் சரிபார்க்க வேண்டும்.

நம் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு புதிது என்று யோசித்துப் பாருங்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை மனப்பாடம்தான் அவர்களுக்கு மார்க் வாங்கித் தந்திருக்கிறது. ஓடுபாதையில் தன் ஞாபகத்தை நம்புகிற ஆள்தான் ஆபத்தானவர். தவறு செய்தால் மறைக்கவும் நம் வீடும் பள்ளியும் பழக்கியிருக்கின்றன, சொன்னால் திட்டு விழும் என்பதால். விமானத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு எடுத்தோமா இல்லையா என்று சந்தேகம் வந்தால் அந்த நொடியே வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும். இந்த இரண்டு பழக்கமும் ஒரு பெண்ணுக்குள் இறங்கிவிட்டால் அவள் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாலும், ஆலையில் பார்த்தாலும், ஆய்வகத்தில் பார்த்தாலும் கூட வேலை செய்கிறவர்கள் அவளை நம்புவார்கள். ஏர் விங் தருவதில் மிகப் பெரிய சொத்து இதுதான் என்பது என் கருத்து. சான்றிதழில் இதை அச்சிட்டுத் தரமாட்டார்கள்.

உங்கள் மகள் இயற்பியல் மாணவி என்பதால் அவளுக்கு இன்னொரு லாபமும் உண்டு. ஏர் விங் வகுப்புகளில் பறத்தலின் அடிப்படைகள், எஞ்சின், வானிலை, வான்வழிச் செலுத்தம் (நேவிகேஷன்) எல்லாம் வரும். இறக்கையின் மேல்பக்கம் நீளம் அதிகம், அதனால் மேலே போகும் காற்று வேகமாக ஓடி மறுமுனையில் கீழ்க்காற்றோடு சேர்ந்துகொள்கிறது, அதனால்தான் விமானம் எழும்புகிறது என்று நிறைய பேர் சொல்லிக்கொடுப்பார்கள். அது தவறு. இரண்டு காற்றும் ஒரே நேரத்தில் மறுமுனைக்கு வந்து சேர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. மேல்காற்று உண்மையில் அதைவிடச் சீக்கிரமே போய்விடுகிறது. இறக்கை காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது, எதிர்விசையாக அதற்கு மேல்நோக்கித் தூக்குவிசை கிடைக்கிறது. பால்சா மரத்தில் ஒரு கிளைடர் செய்து, மூக்கில் கொஞ்சம் களிமண் ஒட்டி எடையை முன்னே தள்ளிப் பார்த்தால், புவியீர்ப்பு மையம் என்றால் என்ன என்று ஒரே மாலையில் புரிந்துவிடும். ஏரோமாடலிங், அதாவது மாதிரி விமானம், செய்யும் பிள்ளைகள் அதைத் தாங்களே கண்டுபிடித்ததுபோலச் சந்தோஷப்படுவார்கள். அந்தச் சந்தோஷத்துக்காகவே ஏரோமாடலிங்கில் பெயர் கொடுக்கச் சொல்லுங்கள். வானிலைப் பாடத்துக்கு அவள் இருக்கும் ஊரே ஆய்வகம். தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கோவைக்குள் எப்படி நுழைகிறது என்பதை அவள் முகத்திலேயே உணர்ந்திருப்பாள்.

அடுத்தது கேம்ப். ஆண்டுப் பயிற்சி முகாம் பத்து நாள். பரேட், உடற்பயிற்சி, .22 ரைபிள் சுடுதல், கூட்டமாகச் சாப்பாடு, கூட்டமாகத் தூக்கம். ஊருக்குள் வசதியாக இருக்கும் வீட்டுப் பெண்ணும், தினக்கூலி வீட்டுப் பெண்ணும் ஒரே வரிசையில் தட்டேந்தி நிற்பார்கள். பெண் கேடட்டுகளுக்குத் தங்கும் இடம் தனி, உடன் பெண் அதிகாரிகளோ பெண் பயிற்சியாளர்களோ இருப்பார்கள். எந்த முகாமாக இருந்தாலும் கூட வரும் பெண் அதிகாரி யார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அது உங்கள் உரிமை. இதற்கு மேலே ஏர் விங் கேடட்டுகளுக்கான அகில இந்திய வாயு சைனிக் முகாம், ஜனவரியில் டெல்லியில் நடக்கும் குடியரசு தின முகாம், ஹைதராபாத் பக்கம் துண்டிகல் விமானப்படை அகாடமியில் சில நாள் தங்கிப் பார்க்கும் இணைப்பு முகாம் என்று வாய்ப்புகள் உண்டு. குடியரசு தின முகாமுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. அதற்கான தேர்வு முகாம்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து மாதக்கணக்கில் நேரத்தை எடுத்துக்கொள்ளும். டெல்லி அணிவகுப்பு பெரிய பெருமைதான். ஆனாலும் அரியர் இருக்கும் பெண்ணை நான் அனுப்பச் சொல்லமாட்டேன்.

இனி வேலை. கல்லூரி மாணவர்களுக்கான ஏர் விங் சீனியர் பிரிவில் மூன்றாம் ஆண்டுத் தேர்வில் தேறி வாங்கும் 'சி' சான்றிதழ் இருந்தால், ஏஎஃப்கேட் என்ற எழுத்துத் தேர்வை எழுதாமலேயே விமானப்படையின் பறக்கும் பிரிவுக்கு என்சிசி சிறப்பு நுழைவு மூலம் விண்ணப்பிக்கலாம். அந்தப் பிரிவின் குறுகிய காலப் பணி இடங்களில் 10 சதவீதம் இதற்கு ஒதுக்கப்படுகிறது. பெண்களுக்கும் இது உண்டு. 2016-இல் மூன்று பெண்கள் போர் விமானப் பிரிவுக்குள் வந்தபிறகு அந்தக் கதவு மூடப்படவில்லை. தரைப்படைக்கும் இதுபோல் எழுத்துத் தேர்வில்லாத நுழைவு இருக்கிறது, அதில் தேறினால் சென்னை பரங்கிமலையில் பயிற்சி. துணை ராணுவப் படைகளுக்கு மத்திய அரசின் தேர்வாணையமான எஸ்எஸ்சி நடத்தும் காவலர் தேர்வில் 'சி' சான்றிதழுக்கு 5 சதவீதம், 'பி'-க்கு 3, பள்ளியில் வாங்கும் 'ஏ'-க்கு 2 சதவீதம் கூடுதல் மதிப்பெண். தமிழ்நாடு காவல் பணித் தேர்விலும் என்சிசிக்குச் சிறப்பு மதிப்பெண் உண்டு. தனியார் கம்பெனிகள் சான்றிதழைப் பார்த்து வேலை தருவதில்லை.

எழுத்துத் தேர்வு இல்லாததால் எளிது என்று நினைத்துவிடாதீர்கள். ஏஎஃப்எஸ்பி எனும் தேர்வு வாரியம் சில நாட்கள் வைத்துச் சோதிக்கும். நமக்குப் பக்கத்தில் இருப்பது மைசூரு. முதல் நாளிலேயே நிறைய பேரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே கொடுத்த தலைப்பில் சில நிமிடம் பேச வேண்டும், பலகையும் கயிறும் வைத்துக்கொண்டு முன்பின் தெரியாதவர்களோடு சேர்ந்து தடை தாண்ட வேண்டும். அதிலும் பைலட் திறனறியும் கணினித் தேர்வு வாழ்நாளில் ஒரே முறைதான், தவறினால் மறுபடி எழுத முடியாது. இரண்டாம் ஆண்டில் கார்ப்பரல், சார்ஜென்ட் என்று ரேங்க் வாங்கி, நூறு பேர் முன்னால் நின்று சாவ்தான், விஷ்ராம் என்று பரேட் கட்டளை கொடுத்துப் பழகிய பெண்ணுக்கு அங்கே கால் நடுங்காது. தமிழ்வழியில் படித்தவளாக இருந்தால் ஆங்கிலப் பேச்சை இப்போதிருந்தே தொடங்கச் சொல்லுங்கள், கடைசி வருடத்துக்குத் தள்ள வேண்டாம்.

பைலட் கனவு இருந்தால் இந்த வாரமே சிலவற்றைப் பார்த்துவிடுங்கள். பறக்கும் பிரிவுக்கு உயரம் குறைந்தது 162.5 செ.மீ. வேண்டும். நம் பெண்களில் பலர் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள். கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி போட்டிருந்தால் அப்படியே போக முடியாது, லேசர் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குத் தனி நிபந்தனைகள் உண்டு. நிறக்குருடு இருக்கக் கூடாது. பிளஸ் டூவில் இயற்பியல், கணிதம் இரண்டிலும் தலா 50 சதவீதமும், பட்டப்படிப்பில் 60 சதவீதமும் வேண்டும். பியூர் சயின்ஸ் குரூப்பில் கணிதம் இல்லாமல் படித்தவர்களுக்கு வழி இல்லை. வயது 20-லிருந்து 24-க்குள். இதில் ஏதாவது ஒன்று இடித்தாலும் ஏர் விங்கை விட வேண்டாம். பைலட் ஆகும் எண்ணத்தை மட்டும் இப்போதே மாற்றிக்கொள்ளலாம், மூன்று வருடம் கழித்து அழுவதைவிட அது நல்லது.

மூன்று வருடம் என்று நான் பிடிவாதமாகச் சொன்னது இதனால்தான். 'பி' தேர்வு இரண்டாம் ஆண்டு முடிவில், 'சி' மூன்றாம் ஆண்டில். பரேட் வருகை 75 சதவீதம் இருக்க வேண்டும், முகாம்களும் முடித்திருக்க வேண்டும். ஒரு வருடத்தில் விட்டால் கையில் எந்தச் சான்றிதழும் வராது. ஏர் விங்கில் இடமும் குறைவு, நடுவில் விட்டால் வரிசையில் நின்ற இன்னொரு பெண்ணின் வாய்ப்பும் வீணாகிறது.

படிப்பு கெடுமா என்பதற்கு நேரான பதில்: பரேட் நாள் ஆய்வக வகுப்போடு மோதினால் கெடும். முகாம் நாட்களுக்குக் கல்லூரி 'ஓ.டி.' என்ற வருகைச் சலுகை கொடுக்கும், ஆனால் தவறிய செய்முறையை யாரும் திரும்ப நடத்தமாட்டார்கள். அதனால் பெயர் கொடுக்கும் முன்பே இயற்பியல் துறையின் கால அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு என்சிசி அதிகாரியைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த யூனிட் அரசுச் செலவில் நடப்பதா, சுயநிதித் திட்டமா என்றும் கேட்க வேண்டும். சுயநிதி என்றால் சீருடை, முகாம் செலவில் ஒரு பகுதி உங்கள் தலையில் விழலாம். போன வருடம் யூனிட்டிலிருந்து எத்தனை பேர் பறந்தார்கள் என்பதை அதிகாரியிடம் கேட்பதைவிட இரண்டாம் ஆண்டுப் பெண்களிடம் கேட்டால் சரியான விவரம் வரும்.

சேர்க்கை பொதுவாகக் கல்லூரி திறந்த சில வாரங்களில் முடிந்துவிடும். ஓட்டம், உயரம், சின்ன நேர்காணல் இருக்கும். அவள் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு இப்போதே தொடங்கிவிடுங்கள், என்சிசி தரும் படித்தொகை நேராக அதில் வரும். டிரில் பூட் முதல் மாதம் காலைக் கடிக்கும், தடித்த பருத்திக் காலுறை இரண்டு ஜோடி வாங்கிக் கொடுங்கள். அவள் அப்பாவை ஒரு சனிக்கிழமை அதிகாரியின் அனுமதியோடு மைதானத்துக்கு அழைத்துப்போய், மூன்றாம் ஆண்டுப் பெண்கள் இருவரோடு பத்து நிமிடம் பேசவிடுங்கள். நான் எழுதியதில் எதை அவர் நம்பவில்லையோ அதை அவர்களிடமே கேட்டுக்கொள்ளட்டும்.