கன்ட்ரோல் ரூம் புது ஸ்கிரீனில் தப்பான பட்டன் அழுத்தப்படுகிறதா?
சாம்பல் பின்னணியை மாற்றாதீர்கள். பம்ப், வால்வு பட்டன்களை மட்டும் பழைய இடத்துக்கே கொண்டு வாருங்கள். கடலூர் சிப்காட் பிளான்ட்டில் ஸ்கிரீனை மாற்றியதிலிருந்து நைட் ஷிப்டில் தவறு நடக்கிறது, கலர் போனதுதான் காரணமா என்று கேட்டிருந்தீர்கள். கலர் இல்லை, இடம்தான் என்று நினைக்கிறேன். பல வருடம் பழகிய கை கண்ணைக் கேட்டுக்கொண்டு போகாது.

சோதித்துப் பாருங்கள்: ஒரு நைட் ஷிப்ட் ஆபரேட்டர் பின்னால் பேசாமல் உட்காருங்கள். கை முதலில் எங்கே போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் மானிட்டர் ஓரத்துச் சீட்டுகளைப் படியுங்கள். புதுச்சேரியில் ஓர் ஆலையில் "டேங்க் 3 = பழைய 5" என்று மார்க்கரில் எழுதி ஒட்டியிருந்தார்கள். மீட்டிங்கில் யாரும் அதைச் சொல்லவே இல்லை!

சாம்பல் பின்னணி ஆலை ஸ்கிரீன் வடிவமைப்புக்காக 2015இல் வந்த ஐஎஸ்ஏ-101 தரத்தோடு ஒத்துப்போவதுதான். சிவப்பும் மஞ்சளும் அலாரத்துக்கு மட்டும் இருந்தால்தான் கண்ணில் படும். அதோடு எழுத்தோ வடிவமோ சேருங்கள். சிவப்பு-பச்சை வித்தியாசம் தெரியாதவர்களும் ஷிப்டில் இருப்பார்கள்.

ஒன்று, பட்டனை நகர்த்தும் சாக்கில் இன்டர்லாக்கையோ (ஆபத்து வந்தால் தானாகத் தடுக்கும் பாதுகாப்பு அமைப்பு) அலாரம் லிமிட்டையோ தொட்டுவிடாதீர்கள். அதற்குத் தனி அனுமதி வேண்டும்.