பகலில் நன்றாக ஊதினாலும் ஆஸ்துமா இருக்கலாம்

சகோதரி, யாங்கூன் கிளினிக்கில் பகலில் ஊதிப் பார்த்து எல்லாம் சரி என்றார்கள், ஆனால் அப்பாவுக்கு விடியற்காலையில் இழுக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அதை வைத்து ஆஸ்துமா இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். மூச்சுக்குழாய்ச் சுருக்கம் நேரத்துக்கு நேரம் மாறும்; விடியலில்தான் அதிகம்.

பீக் ஃப்ளோ மீட்டர் ஒன்று வாங்குங்கள்; மூச்சை எவ்வளவு வேகமாக வெளியே ஊத முடிகிறது என்று, நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என அளக்கும் சிறு கருவி அது. சாதாரண மீட்டருக்கு மின்சாரமே வேண்டாம், நம் ஊர் கரண்ட் கட்டுக்கு அது பெரிய நிம்மதி. காலையில் இன்ஹேலருக்கு முன்பும், மாலையிலும், நின்றபடி, வாய்க்குழலை உதட்டால் இறுக்கிப் பிடித்து, முழு வேகத்தில் மூன்று முறை ஊதட்டும். பெரிய எண்ணை மட்டும் குறியுங்கள். 2 வாரம் போதும். காலை 300, மாலை 360 என்றால் வித்தியாசம் 60; இரண்டின் சராசரியான 330-இல் அது சுமார் 18 சதவீதம். பெரியவர்களுக்கு இந்தத் தினசரி வித்தியாசம் சராசரியாக 10 சதவீதத்தைத் தாண்டினாலே ஆஸ்துமா சந்தேகம் வலுக்கும். அந்தத் தாளோடு டாக்டரைப் பாருங்கள். பேச முடியாமல் மூச்சுத் திணறினால் மட்டும் மீட்டரைத் தேடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.