தேய்ந்த சாஃப்ட்டுக்குப் பிளாஸ்மா பூச்சு சரிவருமா?

பரந்தனில் அரிசி மில் வைத்திருக்கும் ஒருவர் கேட்கிறார்: "மெயின் சாஃப்ட்டில் (சுழல்தண்டில்) ஒயில் சீல், அதுதான் எண்ணெய் கசியாமல் பிடிக்கிற வளையம், உரசுகிற இடம் தேய்ந்து பள்ளம் விழுந்துவிட்டது. முந்தியொருமுறை வெல்டிங் அடித்துக் கடையப்போய், சாஃப்ட் வளைந்து புதிது வாங்கவேண்டி வந்தது. பிளாஸ்மா ஸ்பிரே அடித்தால் சரிவருமா?"

அந்த இடத்துக்குச் சரிவரும், அண்ணை. வெல்டிங்கில் சாஃப்ட்டின் இரும்பே உருகி, பிறகு ஆறும்போது இழுத்து வளைக்கிறது. பிளாஸ்மாவில் உருகுவது தூள் மட்டும்தான். துப்பாக்கி மாதிரியான கருவிக்குள் டங்ஸ்டன் முனைக்கும் செப்பு நாசிலுக்கும் இடையில் மின்வில் எரிய, அதற்குள்ளால் போகிற ஆர்கன் வாயுவும் கொஞ்சம் ஹைட்ரஜனும் பிளாஸ்மாவாகி, அதாவது மின்னேறிய வாயுவாகி, 10,000 பாகை செல்சியசுக்கு மேலான சூட்டில் வெளியே பாயும். அதில் விடுகிற தூள் உருகி, விநாடிக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் வேகத்தில் போய் மோதி, சுவரில் எறிந்த சாணி உருண்டைபோலச் சப்பையாகி உடனே இறுகும். சாஃப்ட்டைச் சுழலவிட்டுக் காற்றடித்துக்கொண்டே பூசினால் அதன் சூட்டை 150 பாகைக்குள் வைத்திருக்கலாம், வளையாது.

ஆனால் பூச்சு இரும்போடு உருகிக் கலப்பதில்லை, சொரசொரப்பைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. அதனால் பாதி வேலை பூசுவதற்கு முன்னமே இருக்கிறது. மில் சாஃப்ட்டில் கிரீசும் தவிட்டு எண்ணெயும் ஊறியிருக்கும், அதை முழுதாகக் கழுவி, பள்ளத்தைக் கடைந்து சமப்படுத்தி, அலுமினாத் தூளை வேகமாக அடித்துச் சொரசொரப்பாக்க வேண்டும். பிறகு அந்த இடத்தில் கை படக்கூடாது, துரு ஏறுமுன் பூசிவிட வேண்டும். இதில் அவசரப்படுகிற பட்டறைக்குக் கொடுக்காதீர்கள், பூச்சு தகடாகக் கழன்று வரும்.

சீல் இடத்துக்கு முதலில் மெல்லிய நிக்கல்-அலுமினியம், அதன்மேல் குரோமியம் ஒட்சைட்டு கேளுங்கள். அரைத்து முடித்தபின் பூச்சு 0.3 மில்லிமீட்டர் அளவில் நின்றால் நல்லது. இது செராமிக், சாதாரணக் கட்டர் ஏறாது, வைரக் கல்லால்தான் அரைக்கலாம். பூச்சில் நுண்துளைகள் இருக்கும், ரெசின் ஊற்றி அடைக்கவும் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஈரம் உள்ளே போய் அடியில் துருப்பிடிக்கும்.

பெயாரிங் உட்காரும் இடமும் தேய்ந்திருந்தால் அதற்குப் பிளாஸ்மா வீண்செலவு. உருக்குக் கம்பியை உருக்கித் தூவுகிற ஆர்க் ஸ்பிரே போதும், மலிவும்கூட. புல்லியைப் பிடிக்கிற சாவிக்கு வெட்டிய காடிக்கும், அரிசி தீட்டுகிற உருளையின் வரம்புகளுக்கும் இந்த இரண்டு ஸ்பிரேயும் அடிக்கவே வேண்டாம், கூரான விளிம்பிலும் அடி விழுகிற இடத்திலும் பூச்சு உடையும். சாஃப்ட்டில் வெடிப்பு இருந்தாலும் வேண்டாம்: இது தேய்ந்த அளவைத் திருப்பித் தரும், பலத்தைத் தராது.

வன்னியில் தேடி அலையாமல் கொழும்புப் பக்கம் விசாரியுங்கள். காலபோக நெல் மில்லுக்கு வரத் தொடங்குமுன் கழற்றி அனுப்பிவிடுங்கள், புது ஒயில் சீல் ஒன்றையும் கூடவே கொடுத்துவிட்டால் அதன் அளவுக்கே அரைத்துத் தருவார்கள்.