தற்காப்புக் கலைகளில் ஈகோ உதவுமா, கெடுக்குமா?

ஈகோ இல்லாமல் போட்டியில் ஜெயிக்க முடியுமா, பயிற்சியில் அதை எப்படி அடக்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் முப்பத்தைந்து வயதில் ஜூடோவில் சேர்ந்தவன். பதக்கம் எதுவும் கிடையாது. வீம்பினால் முழங்கையைக் கெடுத்துக்கொண்டவன் என்ற தகுதியில்தான் பதில் சொல்கிறேன்.

எதிரில் ஒரு கல்லூரி மாணவன், 60 கிலோ பிரிவு. நான் 81. தரையில் புரண்டபோது என் கையைத் தன் தொடைகளுக்கு நடுவே இறுக்கி நீட்டிவிட்டான். ஜூஜி கதாமே என்ற பூட்டு அது. இரண்டு தட்டு தட்டினால், அதாவது தோல்வியை ஒப்புக்கொண்டால், உடனே விட்டுவிடுவான். இருபது கிலோ குறைந்த பையனிடமா என்று பல்லைக் கடித்தேன். "தட்டிவிடுங்கள் அண்ணா" என்று அவனே சொன்னான். அது வீம்பை இன்னும் ஏற்றியது. முழங்கைக்குள் நறுக்கென்று ஒரு சத்தம். இரண்டு வாரம் சட்டைப் பொத்தான் போட மனைவி வரவேண்டியிருந்தது. அவன்தான் பாவம், தன் தவறு என்று நினைத்துப் பயந்துபோனான்.

காயமாவது கண்ணுக்குத் தெரிகிறது. ஈகோ சத்தமில்லாமல் செய்யும் கெடுதலை என் மாஸ்டர்தான் காட்டினார். 1882-இல் டோக்கியோவில் கோடோகன் பள்ளியைத் தொடங்கிய ஜிகோரோ கானோவின் இந்தக் கலையில் ஆரம்பப் பாடமே விழுவதுதான். நானோ ராண்டோரியில், அதாவது கட்டற்ற பயிற்சி ஆட்டத்தில், விழக்கூடாது என்று இரண்டு கைகளையும் கட்டைபோல விறைத்துக்கொண்டு நிற்பேன். யாராலும் என்னை எறிய முடியவில்லை. என்னாலும் யாரையும் எறிய முடியவில்லை. "சார், நீங்கள் தோற்காமல் இருக்கத்தான் கட்டணம் கட்டுகிறீர்களா?" என்று கேட்டார் மாஸ்டர். ஒரு வருடம் அப்படித்தான் வீணாயிற்று.

போட்டி வேறு கதை. அங்கே பணிவை மட்டும் வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. எதிராளியின் புகழைக் கேட்டு, வணங்கும்போதே தோற்றுவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். 'உன்னை எறிவேன்' என்ற திமிர் கொஞ்சம் வேண்டும். 'என் மானம் போகக்கூடாது' என்பது வேறு வகை. அது ஆளைப் பதுங்க வைக்கும். தாக்காமல் ஒதுங்கிக்கொண்டே இருந்தால் நடுவர் ஷிடோ என்ற தண்டனை கொடுப்பார், மூன்று சேர்ந்தால் தோல்விதான், ஆட்டம் முடிந்தது.

1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் எடை வரம்பில்லாப் பிரிவின் இறுதி ஆட்டத்தை நினைத்துக்கொள்வேன். சொந்த மண்ணில் ஜப்பானின் அகியோ கமினாகாவைப் பிடித்து அமுக்கி வென்றார் நெதர்லாந்தின் ஆன்டன் கீசிங்க். கொண்டாட மேடையை நோக்கி ஓடிவந்த தன் நாட்டுக்காரர்களை அங்கிருந்தே கையை உயர்த்தித் தடுத்தார். அந்தக் கையையும் ஈகோ என்றே சொல்வேன், உயர்ந்த ரகம். ஜப்பான்காரரை அவர் மண்ணிலேயே அமுக்கி வைத்தவருக்கு அடக்கமே சுபாவம் என்று நான் நம்பத் தயாரில்லை.

பயிற்சியில் அடக்கும் வழி கேட்டீர்கள். கை ஆறியதும் அதே பையனைத் தேடிப் போய் ஜோடி சேர்ந்தேன். பத்து நிமிடத்தில் நான்கு முறை தட்டினேன். மூன்றாவது தட்டுக்குப் பிறகுதான், பூட்டுப் போடுவதற்கு முன் அவன் இடது காலை எங்கே ஊன்றுகிறான் என்பது தெரிந்தது.