போலீஸுக்கு பெப்பர் ஸ்பிரே கொடுப்பது ஏன்? அது ஆபத்தில்லாததா?

தடிக்கும் துப்பாக்கிக்கும் நடுவில் ஒன்று வேண்டும் என்பதுதான் காரணம். கத்தியோடு பாய்கிறவனைச் சுடாமல் சில அடி தள்ளி நின்றே மடக்கலாம்.

பெயரில் பெப்பர் என்றாலும் உள்ளே இருப்பது மிளகு இல்லை, மிளகாய்ச் சாறு. காரத்துக்குக் காரணமான கேப்சைசின், சூட்டை உணரும் நரம்புகளைத் தூண்டிவிடும். பச்சை மிளகாய் நறுக்கிய கையோடு கண்ணைக் கசக்கியிருக்கிறீர்களா? அதைப் பல மடங்காக்கிக்கொள்ளுங்கள். கண் தானாக மூடிக்கொள்ளும், இருமல் பிடுங்கும், மூச்சு திணறும். எரிச்சல் பெரும்பாலும் அரை மணி, ஒரு மணி நேரத்தில் தணியும். எண்ணெய்ப் பசை என்பதால் வெறும் தண்ணீரில் லேசில் போகாது. தேய்த்தால் இன்னும் மோசம்.

ஆபத்தே இல்லையா என்றால், அப்படிச் சொல்ல முடியாது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது விளையாட்டில்லை. அடித்த பிறகு ஆளைக் குப்புறப் படுக்கவைத்து அழுத்துவதும் கூடாது.

என்னைக் கேட்டால், கருவியை விடப் பழக்கம்தான் பெரிய பிரச்சினை. கையில் சுலபமாக இருப்பது சுலபமாக வெளியே வரும். 2011 நவம்பர் 18 அன்று அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழக டேவிஸ் வளாகத்தில், தரையில் சும்மா உட்கார்ந்திருந்த மாணவர்கள் முகத்தில், செடிக்கு மருந்தடிப்பதுபோல வரிசையாக அடித்தார் ஒரு வளாகப் போலீஸ் அதிகாரி. மறு ஆண்டு பல்கலைக்கழகம் சுமார் 10 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது.