மூடியைத் திறந்தவர்கள்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

மந்தைவெளியில் பறக்கும் ரயில் பாதையை ஒட்டிக் குடியிருக்கிறோம். மிக்ஜாம் புயலின்போது தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். தரைத்தளக் கழிப்பறைகளில் சாக்கடை பொங்கி வீட்டுக்குள் வந்துவிட்டது. தேங்கியதை வடிக்க நாங்களே மேன்ஹோல் மூடியைத் திறந்துவிட்டோம். கால்வாய்க்குள் ரயில்வே நட்ட தூண்கள்தான் எல்லாவற்றுக்கும் காரணம். யாரிடம் மனு கொடுப்பது? வீட்டை விற்றுவிடலாமா?

கே.

அன்புள்ள கே.,

கொஞ்ச நாளாகப் பக்கிங்காம் கால்வாய் நினைப்பாகவே இருக்கிறேன். உங்கள் கடிதம் சரியாக அங்கே வந்து விழுந்தது.

தூண்கள் அநியாயம்தான், மறுக்கவில்லை. நிலம் எடுக்கும் செலவு மிச்சம் என்று நீர்வழிக்குள்ளேயே இறக்கினார்கள். 1995இல் சேப்பாக்கம் வரை ரயில் ஓடியபோது ஊரே கைதட்டியது. அதை விடுங்கள்.

மேன்ஹோல் மூடியைத் திறந்தோம் என்று ஏதோ சேவை செய்ததுபோல எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் என்னால் விட முடியவில்லை. நம் ஊரில் மழைநீர் வடிகால் வேறு, கழிவுநீர்க் குழாய் வேறு. முன்னது மாநகராட்சியுடையது, பின்னது குடிநீர் வாரியத்துடையது. கழிவுநீர்க் குழாய் வீடுகளின் கழிவைச் சுமக்கும் அளவுக்குத்தான் போடப்பட்டது. தெருவெள்ளத்தை அதற்குள் விட்டால் நீரேற்று நிலையம் திணறும், குழாய் நிறையும், நிறைந்தது பின்னோக்கி ஏறும். எங்கே ஏறும்? இருப்பதிலேயே தாழ்வான வாயில். உங்கள் தரைத்தளக் கழிப்பறைதான் அந்த வாய். அங்கே எந்தத் தூண் நிற்கிறது, சொல்லுங்கள்? இதுவே திருப்பிப் போட்டும் நடக்கிறது. கழிவை ரகசியமாக மழைநீர் வடிகாலில் இணைத்துவிடுகிறார்கள். வருஷம் முழுக்கச் சேறு படிந்து, ஐப்பசி மழை வரும்போது வடிகால் பாதி அடைந்து கிடக்கிறது. இதைச் செய்வதெல்லாம் மெத்தப் படித்தவர்கள்!

கோபித்துக்கொள்ளாதீர்கள். சாக்கடை புகுந்த வீட்டைக் கழுவியவன் நான். கழுவி முடித்த பிறகும் எத்தனை நாள் சோறு இறங்காது என்று எனக்குத் தெரியும்.

இந்தக் கால்வாயில் ஆந்திராவிலிருந்து விறகு ஏற்றிக்கொண்டு படகுகள் வரும் என்று என் பெரியம்மா சொல்வாள். கரையில் நின்றே பேரம் பேசுவார்களாம். உங்கள் வீட்டுப் பக்கம் ஓடும் துண்டு, கூவத்தையும் அடையாற்றையும் சேர்க்கும் சுமார் 8 கிலோமீட்டர், தாது வருஷப் பஞ்சத்தில் வெட்டியது. 1877-78. பட்டினியில் ஊரை விட்டு வந்தவர்கள் நிவாரணக் கூலிக்கு மண் சுமந்தார்கள். பெயர் மட்டும் அப்போதைய கவர்னர் பக்கிங்காமுக்குப் போனது. அந்த எலும்புக்கூடுகளின் புகைப்படங்களைப் பார்த்த நாளிலிருந்து, அந்தத் தண்ணீரைப் பார்த்து மூக்கைப் பொத்தும்போதெல்லாம் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

என்ன கேட்டிருந்தீர்கள்? வீடா, அது உங்கள் பாடு. மனுவைக் குடிநீர் வாரியத்துக்கே கொடுங்கள். அதற்கு முன்னால், உங்கள் குடியிருப்பின் மொட்டைமாடி மழைக்குழாய் எந்தத் தொட்டியில் போய் விழுகிறது என்று கீழே இறங்கிப் பாருங்கள். கழிவுநீர்த் தொட்டியில் விழுந்தால் முதலில் அதைப் பிடுங்கிவிட்டு எனக்கு எழுதுங்கள்.